சத்தம் போடாத பெட்டி

புருஷன் வீரசிங்கத்தை ஆமி பிடித்துக்கொண்டு போனதற்கு ஒரு ரிதம் பாக்ஸ்தான் காரணம் என்று கேட்டபோது வேலாயிக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அந்தத் தாளப் பெட்டி தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து அவளுக்கு அதைப் பிடிக்காது.

வீரசிங்கம் பதுளையில் கலியாண வீடுகளுக்குப் போகும் பேண்டில் கீபோர்ட் வாசிப்பவன். பேண்டின் சொந்தக்காரர் மஹ்ரூப் நானா, கெசட் கடைக்காரர். டிரம்ஸ்காரன் விலகிப் போனபின் டுபாயிலிருந்து அந்தப் பெட்டியை வரவழைத்திருந்தார். சாப்பாட்டுத் தட்டு அகலம். மேலே ரப்பர் கட்டைகள், ஓரத்தில் அடிக்கு அடி மினுங்கும் சிவப்பு லைட்டு. வீரசிங்கம் தான் கட்டிய பாட்டுகளின் தாளங்களையெல்லாம் அதற்குள் ஏற்றி வைத்திருந்தான். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கூப்பிட்டாலும் கேட்காது. அவளுக்குக் கேட்டதெல்லாம் ரப்பரில் விரல் படும் தொப்புத் தொப்பென்ற ஓசை மட்டும்தான்.

எண்பத்தொன்பதாம் வருஷம் அது. கடைகளை மூடு என்று ஒரு பக்கம் கிளர்ச்சிக்காரர்கள் துண்டுக் காகிதம் ஒட்டினார்கள். திற என்று இன்னொரு பக்கம் ஆமி துப்பாக்கியோடு வந்தது. கரண்டுக் கம்பங்களைச் சாய்த்திருந்தார்கள். பஸ் ஓடினால் ஓடும்.

வீரசிங்கம் ஏறிய பஸ்ஸிலேயே வந்த, லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் கருப்பம்மாதான் செய்தியைக் கொண்டுவந்தாள்.

"ஆமிக்காரனுக பஸ்ஸ நிப்பாட்டிப் பையைத் தொறந்ததும் லைட்டு மினுங்குது புள்ள. அவனுக பின்னால பாஞ்சுட்டானுக. பாட்டுப் பெட்டின்னு ஒன் வீட்டுக்காரரு சொன்னாரு. அப்ப பாட வையின்னானுக. தட்டித் தட்டிப் பாக்குறாரு, சத்தமே வரல. அதுக்கு ஸ்பீக்கர் கெடையாதாமே. குண்டுக்கு டைம் வைக்கிற சாமான்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயிட்டானுக."

வேலாயி அன்றைக்கே பதுளைக்கு நடந்தாள். மஹ்ரூப் பலகை போட்டு மூடிய கடைக்குப் பின்னால், வீட்டில் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

"தங்கச்சி, நான் வந்தா பெட்டி யாருடையதுன்னு கேப்பாங்க. என்னையும் உள்ள போட்டுருவாங்க. எனக்கு மூணு புள்ளைங்க."

"நீங்க வர வேணாம் நானா. அதப் பாட வைக்கிறது எப்படின்னு மட்டும் சொல்லிக் குடுங்க."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு கெசட் ரெக்கோடரையும் வயரையும் எடுத்து வந்தார். "இந்த நுனிய பெட்டிக்குப் பின்னால குத்துங்க, மத்த நுனிய ரெக்கோடருக்கு. ரெக்கோட் பொத்தானையும் நிப்பாட்டுற போஸ் பொத்தானையும் சேத்து அமுக்குனாத்தான் ஸ்பீக்கர்ல கேக்கும். பெறகு பெட்டில பச்சைக் கட்டையைத் தொட்டாப் போதும், அவன் ஏத்துன தாளம் தானா ஓடும். ஆனா ரெக்கோடருக்குப் பெட்டரி இல்ல. கடையிலயும் ஒண்ணு மிஞ்சல."

மறுநாள் காலையில் அவள் லயம் லயமாகப் பெட்டரி கேட்டுப் போனாள். கருப்பம்மா தன் டோர்ச்சைத் திறந்து கொட்டிக் கொடுத்தாள். வெயிலில் காயவைத்திருந்த பழைய பெட்டரிகளைத் தந்தார்கள் சிலர். வீரசிங்கத்தின் பெயரைக் கேட்டதும் கதவைத் திறக்காதவர்களும் இருந்தார்கள். பெட்டியில் இருக்கும் சின்னப் பெட்டரியும் தீர்ந்திருந்தால் என்ன செய்வது என்று பயந்து, கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைமடுவத்து மணிக்கூட்டிலிருந்தும் அடுத்த லயத்து மாரிசாமியின் ரேடியோவிலிருந்தும் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஆமி முகாம் மலைமேல் பழைய பங்களா ஒன்றில் இருந்தது. வாசலில் வெகுநேரம் நிற்க வைத்தார்கள். தூறல் பிடித்தது. ரெக்கோடரைச் சேலைக்குள் அணைத்துக்கொண்டு, உள்ளே போகும் ஒவ்வொருவரிடமும் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொன்னாள்: "சங்கீதம், மாத்தயா, சங்கீதம்." கடைசியில் ஓர் அதிகாரி அவளை வராந்தாவுக்கு வரச் சொன்னான்.

மேசைமேல் அந்தப் பெட்டி கிடந்தது. அடிமூடி கழற்றப்பட்டு, பெட்டரிகள் பக்கத்தில் குவிக்கப்பட்டிருந்தன. "பெட்டரியக் கழட்டிப்புடாத, உள்ள இருக்கிறதெல்லாம் அழிஞ்சிரும்" என்று வீரசிங்கம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறான்.

பெட்டரிகளைப் போட்டாள். வயரைக் குத்தி, ரெக்கோடரின் இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அமுக்கினாள். லைட்டு வந்தது. பச்சைக் கட்டையைத் தொட்டாள். சிவப்பு லைட்டு ஒழுங்காக மினுங்கியது. ஸ்பீக்கரில் ஒன்றுமே வரவில்லை. பெட்டி காலியாக ஓடிக்கொண்டிருந்தது.

"இது பாடுமா?" என்றான் அதிகாரி, கொச்சைத் தமிழில்.

"பாடும் மாத்தயா. கொஞ்சம் பொறுங்க மாத்தயா."

சிப்பாய் ஒருவன் துப்பாக்கியைத் தோள் மாற்றினான். வேலாயி கண்ணை மூடினாள். விளக்கடியில் குனிந்திருக்கும் புருஷனின் விரல்கள் தெரிந்தன. இடது பெருவிரல் கீழ் மூலையில். வலது ஆள்காட்டி விரல் மேலே, விடாமல். நடுவிரல் இடையிடையே ஒரு தடவை. அந்தக் கட்டைகளில் அப்படியே தட்டினாள்.

முதல் அடி விழுந்ததும் அவளே திடுக்கிட்டாள். தோலில் தட்டிய சத்தமல்ல அது. அடிவயிற்றில் மோதும் கனத்த ஒரு இடி. அடுத்த விரலுக்குச் சுடுசட்டியில் தண்ணீர் தெறித்தது போல ஒரு சீறல். நடுவிரலுக்குப் பத்துப் பேர் ஒன்றாய்க் கைதட்டினார்கள், கையே இல்லாமல். இத்தனை மாதமாக அவன் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது இதுதானா? விரல் தடுமாறியது, தாளம் நொண்டியது. ஆனாலும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவனைக் கொன்றுவிடுவார்கள் என்று நினைத்துத் தட்டினாள். ரெக்கோடரின் பெட்டரி இறங்கிச் சத்தம் கரகரத்துக் கம்மிப்போகும் வரைக்கும் தட்டினாள்.

"போதும்," என்றான் அதிகாரி. உள்ளே திரும்பி ஏதோ சொன்னான்.

வீரசிங்கத்தைக் கூட்டி வந்தார்கள். சட்டை இல்லை. முகத்தின் இடது பக்கம் முழுதும் வீங்கியிருந்தது. அதிகாரி அவன் இடப்பக்கம் நின்று பெயர் கேட்டான். பதில் வரவில்லை. மறுபடி அதட்டிக் கேட்டபோதுதான் தலையை முழுதாகத் திருப்பிப் பெயரைச் சொன்னான்.

"கூட்டிக்கொண்டு போ. பெட்டி இங்கே இருக்கட்டும்."

ரெக்கோடரை மட்டும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. பின்னாலிருந்து சுடுவார்கள் என்றே முதல் வளைவு தாண்டும் வரைக்கும் நினைத்தாள். அதன்பிறகுதான் அவன் வாயைத் திறந்தான்.

"பெட்டிக்குள்ள பாட்டெல்லாம் இருந்திச்சா புள்ள?"

அவள் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு சொன்னாள். "இல்லீங்க. பெட்டரியக் கழட்டிட்டானுக. எல்லாம் போச்சு."

அவன் ரோட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தான். சற்றுத் தூரம் போய் மறுபடியும் கேட்டான். "கேக்குறேன்ல. இருந்திச்சா?"

வேலாயி நின்றாள். தான் அவனுக்கு இடப்பக்கம் நடந்து வந்தது அப்போதுதான் உறைத்தது. சுற்றி வந்து, வலது காதுக்குப் பக்கத்தில் போய், அதையே இன்னொரு தடவை சொன்னாள்.

வீரசிங்கம் ரோட்டோரத்துக் கல்லில் உட்கார்ந்தான். உள்ளங்கையை இடது காதில் வைத்து மூடுவதும் எடுப்பதுமாக இருந்தான். மூடினாலும் திறந்தாலும் ஒன்றாகத்தான் இருந்தது போலும். பிறகு கையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டான்.

"எந்திரிங்க," என்றாள் வேலாயி. "இருட்டுறதுக்குள்ள லயத்துக்குப் போயிரணும்."

அவன் எழும்பவில்லை. தூறல் மழையாயிற்று. அவன் கையைப் பிடித்து இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, அவளும் அந்த ஈரக் கல்லிலேயே அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.