பார்க்க ஒன்றுமில்லாத ஊர்

ஹைடெல்பேர்க் நகரம் 2023 மாசி ஆறாம் திகதி, காலை ஏழரை பஸ் போன பிறகு, கரம்பொன் தரவைப் புல்வெளிக்கு வந்து சேர்ந்தது. கோட்டை, பழைய பாலம், ஆறு எல்லாம் சரியாக இருந்தன. ஆற்றில் தண்ணீர் குறைவு என்று ஒருவர் சொன்னார். அவர் எதற்கும் அப்படிச் சொல்பவர். தரவையில் மேய்ந்த மாடுகளை ஓரமாகக் கட்டும்படி கிராமசேவகரான விதானையார் றஜீபன் அறிவித்தார். சனம் நல்ல உடுப்பு உடுத்திப் போய்ப் பார்த்தது. அங்கிருந்த ஜேர்மன்காரர் தங்கள் பாட்டில் திரிந்தார்கள். வீதி கடக்கும் இடத்தில் சிவப்பு ஆள் விளக்கு எரிந்தால், வாகனமே இல்லாவிட்டாலும் நின்றார்கள். எங்கள் ஆட்களும் நின்றார்கள். ஒரு ஆடும் நின்றது. நான்காம் நாள் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வந்து பார்த்து முடித்தார்கள். இனிப் பார்க்க ஆளில்லை என்றானதும் நகரம் போய்விட்டது.

அதை வரவைத்தவள் வினோஜா. அதற்கு முந்தின வருடம் வைகாசியில் ஜெயரூபன் ஜேர்மனியிலிருந்து வந்து, நயினாதீவில் அவளுக்குத் தாலி கட்டி, பதினொரு நாள் இருந்துவிட்டுப் போனவன். விசாவுக்கு வேண்டிய டொச் மொழிப் பரீட்சையில் அவள் இரண்டு முறை தவறினாள். விசா நகரவில்லை. ஆனால் ஜெயரூபன் நகர்ந்துகொண்டே இருந்தான். ஞாயிறு தவறாமல் ஏதாவது நகரத்துக்கு ரயிலேறி, ஒரே தோல் கோட்டைப் போட்டு, கோபுரத்துக்கோ சிலைக்கோ முன்னால் நின்று படமெடுத்து அனுப்பினான். மாசி தொடங்கி, அவள் போனில் படத்தைத் திறக்கத் திறக்க, மறுநாள் காலை அந்த நகரம் தரவையில் நின்றது. ரோத்தன்பூர்க் வந்தது, லூபெக் வந்தது. வினோஜா ஒவ்வொன்றிலும் காலையிலிருந்து செருப்புத் தேயத் தெருத்தெருவாக நடந்து அவனைத் தேடினாள். வீட்டுக்கு வந்தாலும் இருக்கமாட்டாள். குசினிக்கும் படலைக்குமாக நடப்பாள்.

ஆனியில் கேல்ன் வந்தது. அதுதான் அவன் இருப்பதாகச் சொன்ன நகரம், பெரிய தேவாலயத்துக்குப் பக்கத்தில் என்று சொல்லியிருந்தான். விசாப் படிவத்தில் லிண்டன்பாக் என்று இருந்ததை, கேல்னில் ஒரு குறிச்சியாக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். கால் பழக்கத்தில் தேவாலயத்தை மூன்று முறை வலமாகச் சுற்றினாள். பிறகு தனக்குத் தெரிந்த டொச்சில் நாற்பது பேரிடம் லிண்டன்பாக் எங்கே என்று கேட்டாள். நாற்பது பேரும் தலையாட்டி மறுத்தார்கள். படியில் இருந்து போன் எடுத்தாள்.

"அது வேறை ஊர்," என்றான் ஜெயரூபன். "சொன்னா உங்கை ஆருக்கு விளங்கும்? இஞ்சை ஆரும் கேட்டா நான் கரம்பொன் எண்டே சொல்லுறனான்? யாழ்ப்பாணம் எண்டுதானே சொல்லுறன்."

"அப்ப லிண்டன்பாக்கை ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ."

"அங்கை பாக்க ஒண்டுமில்லை."

"நீங்கள் இருக்கிறியள்தானே."

அவன் போனை வைத்துவிட்டான். அவள் ஸ்ரேசனுக்குப் போய் ரயிலேறினாள். ரயில் ஆற்றுப் பாலத்தைக் கடந்து, தரவை முடிந்து பனை வடலிகள் நின்ற இடம் வரை போய்த் திரும்பி வந்தது. கேல்ன் பதினொரு நாள் நின்றது. கோபுரத்தில் ஐந்நூற்று முப்பத்து மூன்று படி, முழங்கால் வருத்தக்காரர் ஏறி முடிக்க அவ்வளவு நாள் எடுத்தது.

அதன் பிறகும் அவன் நகரங்களைத்தான் அனுப்பினான். அடுத்த வருடம் பங்குனிக்குள் இன்னும் பதினான்கு வந்து போயின. மாடுகள் மெலிந்துவிட்டன என்று பால்காரர் முறைப்பாடு எழுதினார்கள். வினோஜாவின் தாய் சறோஜினிதேவிக்குப் பொறுமை போய்விட்டது. "ஆவணிக்குள்ளை ஒரு முடிவு வராட்டி எழுத்தை வெட்டிப்போடுவம். ஊர் பாக்கவே உன்னைக் கட்டிக் குடுத்தனான்?" என்றாள். கலியாணப் பதிவை ரத்துச் செய்யும் சட்டத்தரணியைக்கூடப் பார்த்து வைத்தாள். வினோஜாவுக்கு அவன் வேண்டும். அவனை நினைக்க எரிச்சலாகவும் வந்தது. வைகாசியிலிருந்து அவள் அவன் அனுப்பிய படங்களைத் திறக்கவில்லை. தரவையில் புல் வளர்ந்தது. அங்கே அவனுடைய போனில் சரிக்குறிகள் நீலமாகாமல் சாம்பலாகவே கிடந்தன, நாற்பது நாள்.

நாற்பத்தோராம் நாள் குரல் செய்தி வந்தது. "இதை மட்டும் திறவும். இதிலை கோட் இல்லை. அது சிநேகிதன்ரை."

படத்தில் மழை. ஒரு பஸ் தரிப்பு, உடுப்புத் தோய்க்கும் கடை, பாண் பேக்கரி ஒன்றின் பின்புறம், அதோடு ஒட்டின மூன்று மாடி வீடு. மேல் யன்னலில் ஒரு வாளியில் கறிவேப்பிலைக் கன்று. அவன் மட்டும் படத்தில் இல்லை.

மறுநாள் லிண்டன்பாக் வந்தது. தரவையில் பாதிகூட நிரம்பவில்லை. சனம் உடுத்திக்கொண்டு வந்து, எட்டிப் பார்த்து, "இதென்ன, ஒண்டுமில்லை," என்று திரும்பிப் போனது. வினோஜா இரண்டு கிலோ வறுத்த மிளகாய்த்தூளும் ஒரு உடுப்புப் பையும் எடுத்துக்கொண்டு போனாள். மூன்றாம் மாடிக் கதவைத் திறந்தவனின் தலைமுடியில் பேக்கரி மா ஒட்டியிருந்தது. படத்தில் பார்த்ததைவிடக் கட்டையாக இருந்தான்.

"காலமை வந்த ஊருக்கு இவ்வளவு நேரமே?" என்றான். அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"சிவப்பு ஆள் விடேல்லை," என்றாள்.

ஊர் போகும் நாளைக் குறிக்க றஜீபன் கொப்பியோடு காத்திருந்தார். ஒருவரும் பார்க்கத் தொடங்காததால் பார்த்து முடிக்கவும் இல்லை. லிண்டன்பாக் இன்றுவரை அங்கேயே நிற்கிறது. மார்கழியில் பனி கொட்டுகிறது. அந்தப் பக்கம் போகும் மாடுகளுக்குச் சாக்குப் போடுகிறார்கள். சறோஜினிதேவி வெள்ளியில் பாண் வாங்கப் போகிறாள், கொஞ்சம் கடினம் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெயரூபன் எங்கும் போவதில்லை.

போன கிழமை சந்தையில், கருவாடு விற்க வந்த நெடுந்தீவுப் பெண் ஒருத்தி வினோஜாவிடம், "பிள்ளை, நீர் எவடம்?" என்று கேட்டாள்.

"லிண்டன்பாக்," என்றாள் வினோஜா.

"ஓ, தரவைக்குப் பக்கத்தாலை," என்று சொல்லி அவள் கருவாட்டைத் தராசில் நிறுத்தாள்.