தூண் ஆடவில்லை

இது நடந்தது வெயில் காலத்திலா, மழை விட்ட பிறகா என்று இப்போது அடித்துச் சொல்ல முடியவில்லை. தூணுக்குப் பச்சைச் சாயம் பூசியிருந்ததாக ஞாபகம். சாம்பல் நிறம் என்பவர்களும் உண்டு. ஆனால் அந்தத் தூண் ஆடவில்லை. அதில் மட்டும் சந்தேகமே கிடையாது.

வானியல் சங்கத்தில் அவரை எல்லோரும் டெய்லர் என்றுதான் கூப்பிட்டார்கள். மனிதர் ஊசி நூலைத் தொட்டதில்லை, மருந்துக்கடை வைத்திருந்தார். எந்த டெலஸ்கோப்புக்கு எந்தக் கேமரா என்று யார் கேட்டாலும், ஆளைப் பார்த்ததுமே சட்டைக்கு அளவு சொல்வதுபோலச் சொல்லிவிடுவார். வெளியே அலுத்துக்கொண்டாலும் அந்தப் பெயர் அவருக்கு உள்ளுக்குள் இனித்தது.

அவருடைய அக்கா புருஷன் வெல்டர். நீளமான குழாய் கொண்ட பெரிய டெலஸ்கோப் ஒன்றை வாங்கிவிட்டு, அதை நிறுத்த வீட்டுப் பின்புறத்தில் தானே ஒரு இரும்புத் தூண் செய்தார். தடித்த குழாய், உள்ளே மணல், அடியில் கான்கிரீட். வருகிறவர்களையெல்லாம் அதன்மேல் சாயச் சொல்வார். "நல்லா சாய்ங்க, அசையாது. என் சம்சாரத்தோட பிடிவாதம் மாதிரி."

அதில் மாட்டக் கேமரா வாங்கும்போது அவர் தன் மைத்துனர் டெய்லருக்குத்தான் போன் செய்தார்.

"மாப்ள, ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். பிக்சல் ரொம்பப் பொடிசாம். நம்ம டெலஸ்கோப் குழாய்க்கு ஒத்து வருமா?"

கடையில் கூட்டம். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மாத்திரை அட்டையைக் கத்தரித்தபடியே டெய்லர் மனக்கணக்குப் போட்டார். பிக்சல் அளவைச் சரியாகத்தான் எடுத்தார். குவியத்தூரம், அதாவது கண்ணாடியிலிருந்து படம் விழும் இடம்வரை உள்ள நீளம், என்று வந்த இடத்தில், தினமும் வாயில் புரள்கிற தன் சொந்தக் குட்டி டெலஸ்கோப்பின் எண்ணைப் போட்டுவிட்டார். மாமாவுடையது அதைப்போல நாலு மடங்கு.

"அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கும் மாமா. கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க."

பிக்சல் என்பது வெளிச்சத்தை ஏந்துகிற சின்னக் கிண்ணம். குவியத்தூரம் கூடக் கூட நட்சத்திரம் பெரிய வட்டமாக விழும். கிண்ணம் அளவுக்கு மீறிச் சிறிதாக இருந்தால் அந்த ஒரு வட்டத்தையே கணக்கில்லாத கிண்ணங்கள் பங்கு போட்டுக்கொள்ளும். ஒவ்வொன்றிலும் ஒரு துளிதான் விழும். படம் மங்கிப்போகும், நட்சத்திரம் ஊதிக்கொள்ளும். சங்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு டெய்லர் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நூலக மாடியில், வெல்டரின் முதல் படத்தைத் திரையில் போட்டார்கள். தட்டை ஓரத்திலிருந்து பார்ப்பதுபோலத் தெரியும் ஒரு அண்டம், அதாவது கேலக்ஸி. நூலகச் சுவரில் மாட்ட ஒரு படம் தேர்ந்தெடுக்கிற கூட்டம் அது. வெல்டர் சலவைச் சட்டை போட்டு, மனைவியையும் அழைத்து வந்திருந்தார்.

"இது நட்சத்திரமா, பஞ்சு மூட்டையா?" என்றார் சங்கத் தலைவரான பல் டாக்டர். அறை சிரித்தது. வெல்டரும் சிரித்துவிட்டு மைத்துனரைப் பார்த்தார். "என்ன மாப்ள, எங்க கோளாறு?"

எல்லாத் தலையும் டெய்லர் பக்கம் திரும்பியது. திரையின் மூலையில் குவியத்தூரம் எழுதியிருந்தது. அதைப் படித்த கணமே அவருக்கு விளங்கிவிட்டது. என் கணக்கு தப்பு, படத்தை நாலில் ஒன்றாகச் சுருக்கிப் பாருங்கள், சரியாகிவிடும். அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது.

"தூண் ஆடுது போலிருக்கு" என்றார்.

தூண் ஆடினால் நட்சத்திரம் ஒரு பக்கமாக இழுபடும். திரையில் இருந்தவை எல்லாம் வட்டம்.

"வட்டமால்ல இருக்கு?" என்று பல் டாக்டர் இழுத்தார். பிறகு, "சரி, டெய்லரே சொல்லிட்டா அப்பீல் ஏது?"

வெல்டர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அக்கா போன் செய்தாள். "டேய், உன் மாமா காலையிலேருந்து தூண அறுத்துக்கிட்டு இருக்காருடா. கேட்டா, என் கைவேலையே சரியில்லங்கறாரு. ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. வந்து என்னன்னு பாரு."

டெய்லர் கடையைப் போட்டது போட்டபடி ஓடினார். போய்ச் சேர்ந்தபோது தூண் துண்டுகளாகக் கிடந்தது. மணல் காலடியில் கொட்டியிருந்தது. வெல்டர் ஒரு துண்டை எடுத்து, தான் பற்றவைத்த இணைப்பைத் தடவிக் காட்டினார். "விரிசலே இல்லயே மாப்ள. எங்க ஆடுச்சுன்னே தெரியல."

"தூண் ஆடல மாமா. நான்தான் கணக்குல உங்க டெலஸ்கோப்புக்குப் பதிலா என் டெலஸ்கோப்போட நம்பரப் போட்டுட்டேன்."

உள்ளே போய் கணினியில் படத்தைச் சுருக்கினார். நாலுக்கு நாலாகப் பிக்சல்கள் ஒன்றாகச் சேர்ந்ததும் நட்சத்திரங்கள் ஒடுங்கின. அண்டத்தின் குறுக்கே கரிய தூசுப் பட்டை தெளிவாக எழுந்தது. வெல்டர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"எப்படா கண்டுபிடிச்ச?" அந்தக் கேள்வியில் கோபமே இல்லை.

டெய்லர் காது மடலைத் தேய்த்தார். "இப்பத்தான் மாமா. வர்ற வழியில."

அக்கா தண்ணீர்ச் செம்போடு வாசற்படியில் நின்றாள். தம்பி பொய் சொன்னால் கை காதுக்குப் போகும் என்பது அவன் அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்து அவளுக்குத் தெரியும். அவள் செம்பை மேசைமேல் வைத்தாள்.

"விட்றா" என்று வெல்டர் அவர் முதுகில் தட்டினார். "தப்புன்னு தெரிஞ்ச உடனே ஓடி வந்து சொன்னியே. அந்த மனசு யாருக்கு வரும்?"

அந்தத் தட்டு வலித்ததுபோல எந்த அடியும் டெய்லருக்கு வலித்ததில்லை.

படம் நூலகச் சுவரில் ஏறியது. அடியில், வெல்டர் வற்புறுத்தியபடி, இரண்டு பெயர்களும் இருக்கின்றன, டெய்லருடையது முதலில். வெல்டர் புதிய தூண் செய்யவில்லை. டெலஸ்கோப்பைச் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார். பல் டாக்டர் வேறு ஊருக்கு மாறிப் போனார். டெய்லர் இன்னும் மருந்துக்கடை வைத்திருக்கிறார். கேமரா பற்றி யாராவது கேட்டால், வேறு ஆளைக் கேளுங்கள் என்கிறார். நூலகத்துக்குப் போவதில்லை. காதுக்குப் போன அந்தக் கையைப் பற்றி அக்கா கணவரிடம் மூச்சு விட்டதில்லை. தம்பி வந்தால் சாப்பாடு போடுகிறாள். முன்போலப் பக்கத்தில் உட்காருவதில்லை.