அரம் பட்ட கொக்கி

"டிரிக்கரத் தொடாம துப்பாக்கி வெடிக்குமாடி?" என்று அக்கா ஒருநாள் தங்கையிடம் கேட்டாள். தையல் மிஷின், பூட்டு, சுவர்க் கடிகாரம் என்று எதைக் கொடுத்தாலும் பிரித்து மாட்டிவிடுகிறவள்தான் அவள். ஆனால் துப்பாக்கியைத் தொட்டதில்லை. "தெரியலக்கா" என்றாள். அக்கா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

அப்படிக் கேட்கக் காரணமான விபத்து நடந்தது இரண்டு மாதத்துக்கு முன்னால். அக்காவின் மாமனார் அலமாரியில், காற்றழுத்தத்தில் சுடுகிற ஒரு பழைய ஏர் பிஸ்டல் வைத்திருந்தார். தூசி தட்டுவதற்காக அக்கா அதை எடுத்து மேஜைமேல் வைத்தாள். வைத்த மாத்திரத்தில் வெடித்தது. தரையில் உட்கார்ந்து கிறுக்கிக்கொண்டிருந்த மூன்று வயது மகளின் கன்னத்தில், கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே குண்டு பாய்ந்தது. நான்கு தையல். விரல் டிரிக்கர் பக்கமே போகவில்லை என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "தானா வெடிக்கறதுக்கு அது என்ன பட்டாசா?" என்றார் மாமனார். அத்தான் அப்பா சொன்னதற்குத் தலையாட்டினார். கவனமில்லாதவளிடம் குழந்தையை விட முடியாது என்று முடிவாகி, அக்கா பெட்டியோடு பிறந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வாரத்துக்கு ஒரு மணி நேரம், மாமியார் பக்கத்தில் இருக்க, பெற்ற குழந்தையைப் பார்த்துவிட்டு வரலாம்.

இன்று காலை அதே மாமனார் அந்தத் துப்பாக்கியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து நின்றார். வீட்டின் முன்னறைதான் தங்கையின் பட்டறை. உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா, குரல் கேட்டதும் கதவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டாள்.

"ரெண்டு கடைல கைய விரிச்சுட்டாங்கம்மா. ஸ்பிரிங் செத்துப்போச்சு. தோல் வாஷர் காஞ்சு சருகாயிடுச்சு. அடுத்த வாரம் கிளப்ல பழைய பிஸ்டல் போட்டி." நாற்காலியை இழுத்துப் போட்டு நேரெதிரே உட்கார்ந்தார். "நாப்பது வருஷமா என்னத் தவிர ஒருத்தர் இதத் தெறந்ததில்ல, தெரியுமா? இப்ப கை நடுங்குது. அதான் உங்கிட்ட வந்தேன்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"இன்னொண்ணு." குரலைத் தாழ்த்தினார். "டிரிக்கருக்கு மேல ஒரு கொக்கி இருக்கும். தேஞ்சிருக்கு. புதுசா ஒண்ணு செஞ்சு மாட்டிட்டுப் பழச எங்கிட்டக் குடுத்துரு. உள்ள இருக்கறவளுக்கு இதெல்லாம் தெரிய வேண்டாம். சும்மா அழுவா." பிறகு சிரித்தார். "உனக்குப் பூனைன்னு பேரு வெச்சவங்க கெட்டிக்காரங்க. இருக்கற எடமே தெரியல."

குழாயில் குண்டு இல்லை என்பதை இரண்டு தடவை பார்த்துக்கொண்டு, துப்பாக்கியைத் துணி சுற்றி, மேஜையோடு பூட்டியிருந்த வைஸ் பிடியில் இறுக்கினாள். பின்பக்கத்து மூடியைத் திருகத் தொடங்கினாள். ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளிருந்து ஏதோ முண்டியது. செத்துப்போனதாக அவர் சொன்ன ஸ்பிரிங் உயிரோடுதான் இருந்தது. கடைசி இரண்டு புரியில் ஒரு பலகையை மூடிமேல் வைத்து, நெஞ்சால் அழுத்திக்கொண்டு திருகினாள். கை நழுவினால் மூடி மூஞ்சியைப் பெயர்த்துவிடும். மூடி விடுபட்டது. பலகை அவளைப் பின்னுக்குத் தள்ளியது. மூச்சைப் பிடித்து அங்குலம் அங்குலமாக விட்டுக்கொடுத்தாள். ஸ்பிரிங் நீண்டு ஓய்ந்தது.

"சபாஷ்" என்றார் அவர். ஆனால் கண் ஸ்பிரிங்மேல் இல்லை. அவள் விரல் அடுத்து எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது.

ஊசிபோன்ற பின்னைத் தட்டி எடுத்ததும் கொக்கி உள்ளங்கையில் விழுந்தது. நகத்தளவு இரும்பு. ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டு பின்னால் இழுபட்ட பிஸ்டனைப் பிடித்து நிறுத்துவது இதுதான். டிரிக்கரை இழுத்தால் விடும். உடம்பெல்லாம் கறுத்த இரும்பு. கடிக்கிற முனை மட்டும் வெளுத்துக் கிடந்தது. ஜன்னல் பக்கம் திருப்பினாள். முனையில் பாதிதான் மிச்சம். அதன்மேல் குறுக்குக் கோடுகள், அவற்றுக்குள் பழைய எண்ணெய்ப் பிசுக்கு.

முனையில் நகத்தை ஓட்டினாள். கோட்டுக்குக் கோடு நகம் தட்டியது.

"தேய்மானம்" என்றார் அவர், கேட்காமலே.

தேய்ந்த இரும்பு வழவழப்பாக இருக்கும். இது அரம் போட்ட கோடு. இந்தப் பாதிப் பிடி ஒரு அதிர்வுக்கே நழுவலாம். எதிரில் இருப்பவர் எழுந்து போனால் கொக்கியும் போய்விடும். அக்காவின் பேச்சு வெறும் பேச்சாகவே நின்றுவிடும். கதவிடுக்கில் அக்காவின் புடவை ஓரம் தெரிந்தது.

வாஷரை எண்ணெயில் ஊறவைத்தாள். ஸ்பிரிங்கைத் துடைத்தாள். தோல் மெத்தென்றானதும் எல்லாவற்றையும் மறுபடி மாட்டினாள். பழைய கொக்கியையும்.

"என்னம்மா, அதையே போடற?"

"அளவு பாக்கணும் மாமா."

குழாயை மடக்கி இழுத்தாள். கொக்கி 'க்ளிக்' என்று பிடித்தது. அவர் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்த டப்பியிலிருந்து ஒரு குண்டை எடுத்துப் போட்டாள்.

"இப்ப எதுக்குக் குண்டு?"

"குண்டில்லாம அடிச்சா பிஸ்டன் அடிபடும் மாமா."

நாற்பது வருஷம் சுட்டவர் அதை மறுக்க முடியாது. அவள் துப்பாக்கியைக் கந்தல் மூட்டைக்கு நேராகத் திருப்பி வைஸில் இறுக்கினாள். இரண்டு கையையும் எடுத்துவிட்டு எட்டி நின்றாள். மரச் சுத்தியலால் மேஜை விளிம்பை ஒரு தட்டு தட்டினாள்.

ஒன்றும் ஆகவில்லை.

அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவந்தது. "ஓ... அப்படிப் போகுதா கதை? பூனைக்கு நகம் மொளச்சிருச்சா?"

இன்னொரு தட்டு, கொஞ்சம் பலமாக. சுத்தியல் சத்தம்தான் கேட்டது. கதவுக்குப் பின்னால் அக்கா மூச்சை இழுப்பது அவளுக்குக் கேட்டது. தப்புக் கணக்குப் போட்டுவிட்டோமா? இனி அந்த ஒரு மணி நேரத்தையும் பறித்துவிடுவார்களே! சுத்தியல் கைப்பிடி வேர்வையில் வழுக்கியது.

"பாத்தியா?" மாமனாருக்குத் தெம்பு வந்துவிட்டது. "அக்காவும் தங்கச்சியும் கூடிப் பேசி என்னக் குத்தவாளி ஆக்கப் பாக்கறீங்களா? விரல் படாம அது வெடிக்காது! அன்னிக்கும் சொன்னேன், இன்னிக்கும் சொல்றேன்!" சொல்லிக்கொண்டே மேஜையில் ஓங்கி ஒரு அறை அறைந்தார்.

டப்!

மூட்டையிலிருந்து தூசி கிளம்பியது. அறைந்த கை மேஜைமேலேயே கிடந்தது. அவர் அதை வெறித்துப் பார்த்தார். அதில் டிரிக்கர் இல்லை, துப்பாக்கி இல்லை. வெறும் கை.

அக்கா கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றாள்.

"நாப்பது வருஷமா வேற யாரும் இதத் தெறந்ததில்லன்னீங்களே மாமா" என்றாள் தங்கை. வைஸில் இருந்த துப்பாக்கியைத் தொட்டுக் காட்டினாள். "அரம் போட்டது யாரு?"

மேஜைமேல் கிடந்த கையை அவர் மெல்ல இழுத்துக்கொண்டார். பிறகு வைஸைப் பார்த்தே சொன்னார்: "ஒரு போட்டில ஒரே ஒரு பாயின்ட்ல தோத்தேன். டிரிக்கர் லேசா இருந்தா கை ஆடாதுன்னு ரெண்டு இழுப்பு இழுத்தேன். அன்னிக்குச் சுட்டுப் பாக்கலாம்னு இழுத்துக் குண்டப் போட்டதும் ஃபோன் வந்துச்சு. போட்ட குண்ட எடுக்காம அப்படியே அலமாரில வெச்சுட்டுப் போயிட்டேன்." துண்டை எடுத்து மடித்தார். "குழந்த ரத்தத்தப் பாத்ததும்... வாய் வேற மாதிரி பேசிருச்சு மருமகளே."

அக்கா கையில் பாதி மடித்த துணி இருந்தது. அதை நாற்காலி முதுகில் போட்டாள்.

"நானே எம் மகங்கிட்டச் சொல்றேன். சாயங்காலம் வரட்டும். நான் பக்குவமா எடுத்துச் சொல்லி..."

அக்கா வாசலில் குனிந்து செருப்பை மாட்டினாள். ஒரு வார் சுருண்டுகொண்டது. நின்று நிதானமாக நிமிர்த்திவிட்டாள்.

"கொஞ்சம் பொறும்மா. பாப்பா இப்பத் தூங்கிட்டிருப்பா."

அக்கா படி இறங்கினாள். குழந்தை இருக்கும் தெருவைப் பார்த்து, நடந்து போனாள்.