சால்வை காட்டிய பாதை

பாதை வரும் என்று சொன்னவனையும் மீராமுகைதீன் நம்பவில்லை, வராது என்று சொன்னவனையும் நம்பவில்லை. மகள் றிபாவின் மாப்பிள்ளை றுமைஸ்தான் ஓயாமல் அதையே கதைத்தான்.

"கடலோரமா அதிவேகப் பாதை, மாமா. கல்முனையில ஏறினாக் கண்ண மூடித் திறக்கக்குள்ள கொழும்பு."

"கொழும்புல எனக்கு ஆரு இரிக்கிற?" என்றார் கிழவர்.

சாய்ந்தமருதில் பெண்ணுக்கு வீடு கொடுத்தால்தான் கலியாணம். கட்டிய வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு, மனைவி சபியா உம்மாவோடு கடற்கரை வாடிக் குடிசைக்கு வந்தவர் அவர். அந்த ஓலை வாடியின் அடுப்படியில்தான் ஒரு காலையில் சிவப்புத் துணி கட்டிய கட்டை நின்றது. பாதை அளப்பவர்கள் அடித்தது.

"இஞ்சேருங்க, பாதை நம்மட உலைப்பானைக்கு மேலால போகுது," என்றாள் சபியா உம்மா.

"போகட்டும். சோறு வெந்த பிறகு போகச் சொல்லு."

சொன்னாரே தவிர, கட்டையை ஒரு தரம் ஆட்டிப் பார்த்தார். இதையும் விட்டால் படுக்க மிச்சம் மையவாடிக் குழிதான்.

மணல்மேட்டில் நின்று கரைவலைத் தோணிக்கு வழி காட்டுவது அவர் வேலை. மீன் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சால்வையை வீசுவார். தோணியில் இருக்கும் பளீல் அதைப் பார்த்து வலையை வளைப்பான். கடல் இரைச்சலில் வாயால் கத்திக் காரியமில்லை.

அளப்பவர்களுக்கும் அதே கதைதான். மேட்டுக்குக் கீழே மூன்று கால் கருவியோடு அளவை அதிகாரி, எல்லோருக்கும் 'சேர்'. வடக்கே எட்ட, கட்டையும் சுத்தியலுமாகப் பாண்டிருப்புப் பவிதரன். சேர் கையசைத்த பக்கம் நகர்ந்து அவன் கட்டை அடிப்பான்.

அன்று சேர் ஃபோனோடு தாழை மறைவுக்கு ஒதுங்கிய நேரம், கிழவர் தோணியைக் கரைக்கு அழைக்கச் சால்வையை மேற்கே ஊர்ப் பக்கமாக வீசினார். தோணி திரும்புமுன் பவிதரன் மேற்கே நகர்ந்தான். இன்னொரு தரம் வீசினார். இன்னும் நகர்ந்தான்.

"அட, பளீலை விட நல்லாச் சொல்லுக் கேக்கிறானே!"

ஃபோனில் யாரோடோ சண்டை பிடித்துக் களைத்த சேர் வந்து கருவியை மடக்கும்போது, கட்டைகள் வாடியை விட்டு விலகி ஊருக்குள் வளைந்திருந்தன.

பகல் சோற்றுக்கு மகள் வீட்டுக்குப் போனார். வாசலில் சிவப்புத் துணி ஆடியது. பக்கத்தில் றுமைஸ், மௌத்து வீட்டில் அழுது முடித்த முகத்தோடு.

"மாமா, பாதை எங்கட குசினி அடுப்புக்குள்ளால போகுது!"

"நல்லதுதானே மகன். வாசல்லயே கொழும்புக்கு ஏறலாம்."

"பகிடி விடாதீங்க. வீடு போனா நாங்க உங்கட வாடிக்குத்தான் வரணும். என்ட உம்மாவும் வருவா."

சம்பந்தியை நினைத்ததும் கிழவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் சேர் ஃபோனுக்கு ஒதுங்கியதும், கிழக்கே கடல் பக்கமாக வெறிகொண்டு வீசினார். பவிதரன் வந்தான். மகள் வீட்டைத் தாண்டினான், வாடியைத் தாண்டினான், ஈரமணலைத் தாண்டினான். முழங்கால் தண்ணீரில் நின்று, "இன்னும் போகணுமா சேர்?" என்று கத்தினான். அலை வந்து சுத்தியலைக் கொண்டுபோனது. அதே சால்வையைப் பார்த்த பளீல், கண்முன் கொதித்த கீரி மீன் கூட்டத்தை விட்டுவிட்டு ஆழ்கடலுக்குத் தண்டு வலித்துக்கொண்டிருந்தான்.

சேர் ஓடி வந்தார். "நீங்களா இவருக்குக் கை காட்டினது?"

"நான் மீனுக்குக் காட்டினன். உங்கட ஆள் ஏன் பாத்தவர்?"

"நான் உங்களச் சேர் எண்டு நினைச்சன், காக்கா," என்று கிழவரை அண்ணன் முறை வைத்துச் சொன்னான் பவிதரன், காற்சட்டையைப் பிழிந்தபடி.

"சேருக்கு இவ்வளவு கைவேகம் இருந்தாப் பாதை எப்பவோ போட்டு முடிஞ்சிருக்கும்," என்றார் கிழவர்.

சேர் சிரிப்பை விழுங்கினார். "எல்லாக் கட்டையையும் பிடுங்கு, பவிதரன். இனி ட்ரோன்தான். மேலால படம் எடுத்து, ஆளில்லாத இடமாப் பாத்துப் பாதை போடுவாங்க."

அதையும் மீராமுகைதீன் நம்பவில்லை. மேலேயிருந்து பார்த்தால் ஓலைக்கூரையும் ஆளில்லாத இடமும் ஒன்றுதானே?

ட்ரோன் கதை காதில் விழுந்து பின்னேரம் றுமைஸ் வந்தான். வீட்டிலிருந்த ஆகப்பெரிய பெட்ஷீட் தோளில், சிவப்புப் பூப்போட்டது.

"இது காணுமா மாமா?"

"உன்ட கொழும்பு?"

"அது எங்க ஓடியா போகப்போகுது?"

"அப்ப மேட்டுல ஏறு மகன்," என்றார் கிழவர். "வானத்தைப் பாத்து வீசிப் பழகு. கையை நிப்பாட்டிராத, ட்ரோன்காரன் இஞ்ச ஆளில்லையெண்டு நினைச்சிருவான்."