சாமி கேட்டால்தான்

முந்தாநாள் மாத்திரை காணாமல் போனது. இன்றைக்கு ஹெட்போன்.

குற்றாலத்தில் காரை விட்டு இறங்கிக் கைப்பையைத் திறந்தபோதுதான் இசக்கிசெல்விக்குத் தெரிந்தது. தாய்மாமன் பிச்சைமணியைப் பார்த்தாள். அவர் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தார். மறைக்கும் உத்தேசமே அவருக்கு இல்லை.

"ரெண்டும் எங்கிட்டதான் இருக்கு. அந்த மாத்திரையத் தின்னுதான் உனக்குக் கோட்டி புடிச்சிருக்கு. அருவியில தலையக் குடு, எல்லாம் தெளிஞ்சிரும்."

இரண்டு நாளாக வடகரை வீட்டைத் தலைகீழாகப் புரட்டித் தேடினாளே, அப்போது இந்த மனிதர் கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் சீட்டையும் சேர்த்தே எடுத்திருந்தார். சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் தரவில்லை. திடீரென்று நிறுத்தக் கூடாத மாத்திரை அது. தலைக்குள் மின்சாரம் சுண்டுவதுபோல் இருந்தது.

இசக்கிசெல்விக்கு வயது இருபத்தாறு. தென்காசியில் சொரிமுத்து அண்ணாச்சியின் பிளக்ஸ் போர்டு கடையில் கம்ப்யூட்டர் டிசைனர். அங்கே அவளுக்கு ஒரு மூலை உண்டு. ஹெட்போனை மாட்டிக்கொள்வாள், யாரும் கேள்வி கேட்பதில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் திருநெல்வேலி டாக்டர் அவளுடைய இந்தச் சுபாவத்துக்கு ஒரு பெயர் சொன்னார். ஆட்டிசம். பிறவியிலேயே உள்ளது, நோய் இல்லை என்றார். ஆனால் கண்ணைப் பார்த்துப் பேசு, கையை உதறாதே என்று சின்ன வயதிலிருந்து வாங்கிய அடியும் திட்டும் சேர்ந்து பதற்றமாக வளர்ந்திருந்தது. மாத்திரை அதற்குத்தான்.

இதை வீட்டில் எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். டாக்டரையே போனில் பேச வைத்தாள். பிச்சைமணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஊசி எதுவும் கிடையாதா என்று விசாரித்தார்.

நாளைக்குக் கடையத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் தெளிய வேண்டுமாம்.

அம்மா முருகம்மாள் அவள் கையைப் பிடித்து அருவியின் பெண்கள் பக்கத்துக்கு இழுத்துப் போனாள். ஆண்கள் அங்கே வர முடியாது என்பதால் பிச்சைமணி தடுப்புக் கம்பிக்கு அப்பால் நின்றுகொண்டார்.

சீசன் கூட்டம். மேலேயிருந்து அருவி இடித்தது. போலீஸ் விசில் அடித்தது. ஒலிபெருக்கி காணாமல் போன குழந்தைக்கு அம்மாவைத் தேடியது. மற்றவர்களுக்கு அது இரைச்சல். இசக்கிசெல்விக்கு ஒவ்வொன்றும் தனித்தனி ஆணி. தண்ணீர் தலையில் விழுந்த மாத்திரத்தில் அவள் பின்வாங்கினாள். ஈரத் தரையில் உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடத் தொடங்கினாள். தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது. அவிழ்ந்த கூந்தல் முகத்தை மூடியது.

எல்லாரும் பார்க்கிறார்கள், எந்திரி என்று முருகம்மாள் கெஞ்சினாள். பக்கத்தில் மஞ்சள் சேலைக்காரி ஒருத்தி, பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டாள். முருகம்மாள் சொன்னாள்.

அவ்வளவுதான்.

"இசக்கியம்மனேதான் எறங்கி வந்திருக்கா" என்றாள் மஞ்சள் சேலை. சுற்றி நின்ற பெண்கள் குலவை போட்டார்கள். உலகத்தில் இசக்கிசெல்வியால் தாங்கவே முடியாத சத்தம் ஒன்று உண்டென்றால் அது குலவைதான். அவள் இன்னும் வேகமாக ஆடினாள். அவர்கள் இன்னும் பலமாகப் போட்டார்கள்.

மஞ்சள் சேலை மண்டியிட்டாள். "தாயி, என்ன வேணும்னு சொல்லு. எதுனாலும் செய்யுதோம்."

என்ன வேணும்? இருபத்தாறு வருடத்தில் இந்தக் கேள்வியை வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

"சத்தம் போடாதீய."

சட்டென்று எல்லா வாயும் மூடின.

"என் மாத்திரை. என் ஹெட்போன். பிச்சைமணி மாமாட்ட இருக்கு."

சாமிக்கு எதற்கு ஹெட்போன் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. ஈரச் சேலையோடு பத்துப் பதினைந்து பேர் தடுப்புக் கம்பிக்குப் பாய்ந்தார்கள். உடம்பில் எண்ணெய் தேய்த்து நின்ற பிச்சைமணி, துண்டோடு காருக்கு ஓடினார். ஓடிய வேகத்தில் திரும்பி வந்தார். பொருட்கள் கைமாறி வந்து சேர்ந்தபோது மாத்திரை அட்டையில் குங்குமம் இருந்தது.

மாத்திரையை விழுங்கினாள். ஹெட்போனை மாட்டினாள். உலகம் மெல்ல மெல்லத் தூரமாகப் போனது. நெடுநேரம் கழித்து எழுந்து கம்பியோரம் வந்தாள். பிச்சைமணி கைகூப்பி நின்றார். மஞ்சள் சேலைக்காரி, தன் மகளுக்கு வரன் எப்போது அமையும் என்று கேட்கக் காத்திருந்தாள்.

பேசாமல் சாமியாகவே இருந்துவிடலாம். நாளைய கல்யாணப் பேச்சை ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். அந்த நினைப்புத்தான் அவளுக்குக் கோபத்தைக் கிளப்பியது.

"சாமியும் வரல, பூதமும் வரல. நான் இசக்கிசெல்விதான். ரெண்டு நாளா இதத்தான கேட்டேன்? மனுஷி கேட்டா குடுக்க மாட்டிய. சாமி கேட்டா துண்டோட ஓடுதிய."

கூப்பிய கை இறங்கியது. "பாத்தியா, கோட்டிக்காரி எல்லாரையும் ஏமாத்திட்டா" என்று பிச்சைமணி கம்பிக்கு மேலாக ஹெட்போனைப் பறிக்க எட்டினார். இசக்கிசெல்வி இரண்டடி பின்னால் நகர்ந்தாள். அட்டையை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு தென்காசி பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள். சொரிமுத்து அண்ணாச்சி வீட்டு மாடி அறை வாடகைக்குக் கிடந்தது. நேற்றுவரை அது வெறும் காலி அறை.

முருகம்மாள் சேலையைப் பிழியக்கூட நிற்காமல் பின்னால் ஓடி வந்தாள்.

"ஏட்டி, நாளைக்குக் கடையத்துக்காரங்களுக்கு நான் என்ன சொல்ல?"

"எனக்கு ஆட்டிசம்னு சொல்லு. வாய் வரலன்னா சாமி சொல்லிச்சுன்னு சொல்லு."

பஸ் உறுமிக்கொண்டு நின்றது. முருகம்மாள் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அது என்னது… ஆட்டி… இன்னொருக்கச் சொல்லு."

இரண்டு வருடம். எத்தனை முறை. இசக்கிசெல்வி ஒரு பக்கக் காதிலிருந்து ஹெட்போனை விலக்கினாள்.

"ஆட்டிசம்" என்றாள். "மறக்காத. அடுத்த தடவ குலவை போட்டு வாங்கித் தர ஆள் இருக்காது."