பின்வாசல் படி

என் அக்கா கணவருக்கு இடது காலில் ரத்தக்குழாய் சுருங்கிவிட்டது. எங்கள் சலூனின் முதல் நாற்காலி அவருடையது, இரண்டாவது என்னுடையது. தெருமுனைக்குப் போவதற்குள் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். கட்டைவிரலில் ஒரு புண் ஆறாமல் கிடந்தது. புகைப்பதை நிறுத்தாவிட்டால் விரல் போகும், அதோடு நிற்கும் என்றும் சொல்ல முடியாது என்று டாக்டர் அக்காவின் முன்னாலேயே சொல்லிவிட்டார்.

ஒரேயடியாக முடியாது, குறைத்துக்கொள்கிறேன் என்றார் மாமா. சொன்னபடி பாதியாகக் குறைத்தார். சிகரெட் பாக்கெட் அக்காவின் பொறுப்புக்குப் போனது. ஆனால் அடுத்த முறை ஆஸ்பத்திரியில் நர்ஸ் நீட்டிய குழாயில் ஊதியபோது, உடம்பில் ஏறிய புகையைக் காட்டும் அந்தக் கருவியின் எண் பழைய இடத்திலேயே நின்றது.

"கடையில ஒளிச்சு வச்சிருக்கீங்களா?" என்றாள் அக்கா.

"இல்லடி. இவனையே கேளு."

நர்ஸ் அவருடைய விரல்களைத் திருப்பிப் பார்த்தார். நுனி பழுப்பேறியிருந்தது. குறைக்கிறவர்கள் கிடைத்த ஒன்றை அடிவரை ஆழமாக இழுப்பது உண்டு, இவர் பொய் சொல்லவில்லை என்று அக்காவைச் சமாதானப்படுத்தினார். பிறகு எத்தனை என்பதை விட்டுவிட்டு, எங்கே, எப்போது என்று கேட்டார்.

கால் இழுக்கும்போது, கடைப் பின்வாசல் படியில் உட்கார்ந்து என்றார் மாமா.

கடை திறந்திருக்கையில் முடி வெட்டுகிறவன் உட்காரக் கூடாது என்பது மாமா போட்ட சட்டம். பார்க்கிறவர்களுக்குச் சோம்பேறிக் கடையாகத் தெரியுமாம். ஆள் இல்லாத நேரத்திலும் நாங்கள் இருவரும் காவல்காரர்கள் மாதிரி நிற்போம். சிகரெட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. இதை நான்தான் நர்ஸிடம் சொன்னேன்.

"அப்போ காலுக்கு ஓய்வு வேணும்னா, ஒண்ணு பத்த வச்சாகணும்" என்றார் நர்ஸ். சிகரெட்டுக்குப் பதிலாக மெல்லுவதற்கு நிக்கோட்டின் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் உயரமான ஸ்டூல் ஒன்றைக் கொண்டுபோய் இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவில் போட்டேன். மாமா அதைச் சீண்டவில்லை. நானே அதில் உட்கார்ந்து தபால்காரருக்குக் கிருதா ஒதுக்கினேன்.

"சிம்மாசனமெல்லாம் வந்தாச்சு. கூலி ஏறுமா?" என்றார் தபால்காரர்.

"ஏறாது. உங்க தலையில இருக்கிறதுக்கு ஏத்தவும் முடியாது" என்றார் மாமா.

மதியம் ஒருவருக்கு வெட்டிக்கொண்டிருந்தபோது மாமாவின் கால் பிடித்துக்கொண்டது. சீப்பை வைத்துவிட்டுப் பின்வாசலைப் பார்த்தார். நான் ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினேன்.

"உட்காருங்க மாமா. நெருப்பு இல்லாமலும் இது தாங்கும்."

"வாய் நீளுது மாப்ளே" என்றவர், வாடிக்கையாளரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்தார். மாத்திரையை மென்றபடியே பிடரியை முடித்தார். வாடிக்கையாளர் கண்ணாடியில் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, வழக்கம்போலக் காசைக் கொடுத்துப் போனார்.

அடுத்த முறை ஊதியபோது எண் நன்றாக இறங்கியிருந்தது. புண்ணின் ஓரம் ஆறத் தொடங்கியிருக்கிறது, இப்போதைக்கு விரலை எடுக்க வேண்டாம் என்றார் டாக்டர். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

காலையில் எழுந்ததும் ஒன்று மட்டும் விட மாட்டேன் என்கிறது என்று மாமா தானாகவே நர்ஸிடம் சொன்னார்.

"அதை எங்க உட்கார்ந்து பிடிக்கிறீங்க?"

"உட்காரலையே. வாசல்ல நின்னுகிட்டுத்தான்."

நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார். "அப்போ அதுக்கு வேற காரணம் இருக்கும். சொல்லுங்க, பார்ப்போம்."