கெசியாவுக்கு விழுந்த சீட்டு

1

போனில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் எழுத ஆரம்பித்த கதை இது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் பிறகு கொஞ்சம் இட்டுக்கட்ட வசதியாக இருக்கும்.

போன மாதம் சேலம் சூரமங்கலத்திலிருந்து மஞ்சுளா ஆன்ட்டி கூப்பிட்டார். என் சிறுவயதுத் தோழி கெசியாவின் அம்மா. பதினான்கு வருடங்களுக்கு முன்னால் நானும் கெசியாவும் எதிரெதிராகப் பேசிய ஒரு வாதப்போட்டியைப் பற்றிக் கேட்டார்.

“வித்யா, அன்னிக்குச் சீட்டுல கெசியாவுக்கு எந்தப் பக்கம் வந்துச்சு? ஆதரவா, எதிர்ப்பா? உனக்கு ஞாபகம் இருக்கும் சாமி.”

“மறந்துபோச்சுங்க ஆன்ட்டி.”

மறக்கவில்லை. அந்தச் சீட்டில் இருந்த கையெழுத்துகூட ஞாபகம் இருக்கிறது. ஆனால் உண்மையைச் சொன்னால் தாய்க்கும் மகளுக்கும் நடுவில் நான் எதை உடைப்பேன் என்று தெரியாததால் பொய் சொன்னேன். போனை வைத்த கையோடு நோட்டை எடுத்தேன்.

2

முதல் தொடக்கம்: ‘ரயில்வே குடியிருப்பின் கடைசி வரிசை வீட்டில், பள்ளிக்கூடமே போகாத ஒரு சிறுமி...’ வேண்டாம். அடுத்த வரியில் வறுமை வந்து உட்கார்ந்துகொள்ளும். கெசியா பள்ளிக்குப் போகாததற்குக் காரணம் வறுமை இல்லை, பெற்றோரின் கிறிஸ்தவ விசுவாசம். அவள் அப்பா தனசேகர் ரயில்வேயில் நல்ல வேலையில் இருந்தார்.

இரண்டாவது தொடக்கம்: ‘வீட்டுக்கல்வி என்பது...’ கட்டுரை நாற்றம் அடிக்கிறது.

சரி, நேராகவே சொல்கிறேன். சேலம், நாமக்கல், சங்ககிரிப் பக்கம் ஒன்பது கிறிஸ்தவக் குடும்பங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைத்தன. திரும்பின பக்கமெல்லாம் பள்ளிக்கூட விளம்பரப் பலகை. பலகை முழுக்க முதல் மதிப்பெண் வாங்கின பிள்ளைகளின் முகம். அப்படிப்பட்ட ஊரில் இதைச் செய்ய நெஞ்சழுத்தம் வேண்டும். மஞ்சுளா ஆன்ட்டிக்கு அது தாராளமாகவே இருந்தது.

“புள்ளைய ஏனுங்க ஊட்லயே வெச்சிருக்கறீங்க?” என்று பக்கத்து வீட்டில் கேட்டால், “ஊடுதானுங்க எங்க பள்ளிக்கோடம்” என்பார். சாப்பாட்டு மேசைதான் வகுப்பறை. காலையில் வேதாகமம், பிறகு கணக்கு, மத்தியானம் வரலாறு. தப்பு விட்டால் சிவப்பு மையில் வட்டம்.

நான் சங்ககிரிப் பிள்ளை. என் அப்பா லாரிக்காரர். எனக்கு அம்மாவே ஆசிரியை என்பதால், கோபத்தையும் வீட்டுப்பாடத்தையும் ஒரே கையால் வாங்கினேன். இந்த வாக்கியத்தை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். என் அம்மா படிக்கமாட்டார், இருக்கட்டும்.

3

வருஷத்துக்கு ஒருமுறை, பொங்கல் முடிந்த சனிக்கிழமை, சங்ககிரி சபைக் கூடத்தில் ஒன்பது வீட்டுப் பிள்ளைகளுக்கும் வாதப்போட்டி. யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கையேட்டைப் பார்த்து இதைத் தொடங்கியவர் பாஸ்டர் காளியப்பன்.

(குறிப்பு: ஆமாம், பாஸ்டரின் பெயர் காளியப்பன்தான். ஞானஸ்நானத்தின்போது பெயரை மாற்றச் சொன்னதற்கு, “ஆண்டவருக்கு என்னைய இந்தப் பேர்லதானுங்க தெரியும்” என்றாராம். வாசகர் நம்பமாட்டார் என்று இந்த வரியை அடித்தேன். மனசு கேட்காமல் திரும்பச் சேர்த்தேன்.)

மற்ற பிள்ளைகளுக்குத் தினமும் கிடைக்கிற கூச்சல் எங்களுக்கு அந்த ஒருநாள்தான் கிடைத்தது. பையன்கள் அப்பாவின் டையை முழங்கால்வரை தொங்கவிட்டிருப்பார்கள். நாங்கள் வாதத்துக்கான ஆதாரங்களை எழுதிய அட்டைகளைப் பிஸ்கட் டப்பாவில் அடுக்கி எடுத்துப்போவோம். குறுக்கு விசாரணையில் கேட்பவரும் பதில் சொல்பவரும் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது, நடுவரைத்தான் பார்க்க வேண்டும். முகத்தைப் பார்த்தால் கோபம் வருமாம். மத்தியானம் எலுமிச்சை சாதம். அதைச் சாப்பிட்டுக்கொண்டே காலையில் தோற்றவனும் ஜெயித்தவனும் மறுபடி வாதாடுவார்கள்.

எந்தப் பக்கம் பேசுவது என்பதை நாங்கள் முடிவு செய்ய முடியாது. காணிக்கைப் பைக்குள் இரண்டு சீட்டு போட்டு, ஜெபம் பண்ணிவிட்டுப் பாஸ்டர் நீட்டுவார். வேதத்தில் சீட்டுப் போட்டு, இயேசுவின் தூதரான அப்போஸ்தலர் ஒருவரையே தெரிந்தெடுத்திருக்கிறார்கள். எங்களுக்கும் அந்தச் சீட்டு விளையாட்டில்லை, கர்த்தரின் வாக்கு. அதை எடுத்துக்கொண்டு ஞாயிறுபள்ளி அறைக்குள் போய்த்தான் பிரித்துப் பார்ப்போம். இருபது நிமிடத்தில் தயாராகி வெளியே வர வேண்டும்.

அந்த வருஷத் தலைப்பு: ‘பிள்ளைகளுக்கு வீடே சிறந்த பள்ளி’.

4

இனி மஞ்சுளா ஆன்ட்டியின் மனசுக்குள் நுழைய வேண்டும். அங்கே போக எனக்கு அனுமதி இல்லை, ஆனாலும் போகிறேன்.

மஞ்சுளா அன்றைக்கு நேரக் கணக்கர். கையில் கடிகாரம், மேசையில் மணி. ஆறு நிமிடம் ஆனதும் அடிக்க வேண்டும். முதலில் வித்யா எழுந்து ஆதரவாகப் பேசினாள். பேச்சு சுமார்தான். (நான்தான் அந்த வித்யா. சுமார் என்பதே கொஞ்சம் தாராளம்.) அப்புறம் கெசியா எழுந்தாள். எதிர்ப்பு. வீடு போதாது, பள்ளிக்கூடம் வேண்டும் என்று வாதிடப்போகிறாள். பாவம் பிள்ளை, கஷ்டமான பக்கம் விழுந்திருக்கிறதே என்று மஞ்சுளா நினைத்தாள்.

“எதிரணியில இருக்கிற சகோதரி சொன்னாங்க, பள்ளிக்கூடத்துல உனக்கு யார் இருக்கான்னு. யாரும் இல்லை. அதனாலதான் போகணும்” என்று ஆரம்பித்தாள் கெசியா.

வித்யா அப்படிச் சொல்லவே இல்லை.

“பத்துப் பேரோட சேர்ந்தா ஒன்பது பேர் கெடுப்பாங்கன்னு சொன்னாங்க. அந்தப் பத்தாவது ஆளை நான் பாக்கவே முடியாதே?”

அதையும் வித்யா சொல்லவில்லை. நடுவர்கள் கவனிக்காமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் ஒரே எதிராளியோடு பயிற்சி எடுக்கிற பிள்ளைகள் செய்கிற தப்பு இது: மேடையில் நிற்பவரை விட்டுவிட்டு, சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்தவருக்குப் பதில் சொல்லிவிடுவார்கள். கெசியா வெட்டிய ஒவ்வொரு வாக்கியமும் மஞ்சுளாவுடையது. வேறு யாருக்கும் அது தெரியவில்லை. மஞ்சுளாவின் காது மட்டும் சுட்டது.

ஆறு நிமிடம் போய், ஏழும் போயிற்று. மஞ்சுளா மணி அடிக்கவில்லை. அடிக்க மறந்தாளா, மகள் முழுசாகச் சொல்லி முடிக்கட்டும் என்று விட்டாளா? மூன்று விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். எனக்குத் தெரியவில்லை.

கெசியா ஜெயித்தாள்.

5

சாயங்காலம் சேலம் பஸ்ஸில் நடந்ததைக் கெசியா பிற்பாடு என்னிடம் சொன்னாள். மகுடஞ்சாவடி தாண்டும்வரை ஆன்ட்டி பஸ் டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்தாராம். அப்புறம் சன்னலைப் பார்த்தபடியே கேட்டாராம்: “அது சும்மா சீட்டுக்காகப் பேசுனதுதானே சாமி?”

“ஆமாம்மா, சீட்டுதான்.”

அதோடு சரி. கெசியா பன்னிரண்டாம் வகுப்புவரை வீட்டிலேயே படித்துத் தேறினாள். சிவப்பு மை வட்டங்கள் குறைந்தன. தாயும் மகளும் ஒருவர்மேல் ஒருவர் உயிராக இருந்தார்கள். ஆனால் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

6

இந்தப் பகுதியை மூன்றாவது பகுதியிலேயே எழுதியிருக்க வேண்டும். பயத்தில் தள்ளித் தள்ளி வைத்தேன்.

ஞாயிறுபள்ளி அறையில் நாங்கள் சீட்டைப் பிரித்தோம். எனக்கு எதிர்ப்பு. கெசியாவுக்கு ஆதரவு.

அவள் சீட்டை மறுபடி மடித்தாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

“மாத்திக்கலாமா வித்யா?”

“பாவம்டி. கர்த்தர் போட்டது.”

“தெரியும். ஆனா அம்மாகிட்ட இதை எப்படியும் சொல்ல முடியாது. இங்கன்னா போட்டின்னு நினைச்சுக்குவாங்க. ஒரே ஒரு தடவை சத்தமா சொல்லிப் பாத்துக்கறேன்.”

மாற்றிக்கொண்டேன். தோழிக்காக என்று எழுத ஆசைதான். நிஜத்தில், ஆதரவு சுலபமான பக்கம் என்பதால் மாற்றிக்கொண்டேன்.

7

முடிவு ஒன்று: நான் ஆன்ட்டியைக் கூப்பிட்டு, “எதிர்ப்புதாங்க ஆன்ட்டி வந்துச்சு” என்கிறேன். “ஸ்தோத்திரம்” என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போனை வைக்கிறார். எல்லாருக்கும் நல்லது, கெசியாவைத் தவிர.

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறேன். அவர் தன் வாழ்நாளின் பன்னிரண்டு வருடங்களைக் கொட்டிய சாப்பாட்டு மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

இப்போது ஏன் கேட்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். கெசியா கல்யாணமாகி நாமக்கல்லில் இருக்கிறாள். அவள் மகளுக்கு ஐந்து வயது. “பாப்பாவுக்கு நான் சொல்லிக் குடுக்கறேன்” என்று ஆன்ட்டி ஆசையாகக் கேட்டிருக்கிறார். கெசியா, “ஸ்கூல்ல சேத்தாச்சும்மா” என்று மட்டும் சொன்னாளாம். “எதுக்கெடுத்தாலும் வாதாடற புள்ள, இதுக்கு ஒரு வார்த்தை வாதாடல வித்யா” என்றார் ஆன்ட்டி. அன்றைய பேச்சு சீட்டுக்காக இல்லையோ என்ற சந்தேகம் அவருக்கு அப்போதுதான் வந்ததாம்.

முடிவு மூன்று கற்பனை இல்லை. நேற்று இந்தக் கதையைக் கெசியாவுக்குப் போனில் வாசித்தேன். ஆறாவது பகுதி வந்ததும், “இதை எடுத்துடட்டுமா?” என்று கேட்டேன்.

அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

“எடுத்துடாத. நானா சொல்ற தைரியம் எனக்கு இன்னும் வரலை. ஆனா அம்மா நேர்ல வந்து கேட்டா, இந்தத் தடவை சீட்டுன்னு சொல்லமாட்டேன். கூடவே இன்னொண்ணும் சொல்லணும். அன்னிக்கு அப்படிப் பேசக் கத்துக்குடுத்ததே அவங்கதான்.”

8

ஆகவே ஆன்ட்டி, இந்தக் கதையை நான் எழுதியது உங்களுக்காகத்தான். வேறு யாருக்கும் காட்டுவதற்கு முன்னால் இதை உங்களுக்கு அனுப்புகிறேன். நாலாவது பகுதியில் உங்கள் மனசைத் தப்பாக எழுதியிருந்தால் தயங்காமல் அடியுங்கள்.

முடிவை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அது மறுபடியும் அடுத்தவர் சீட்டை எடுத்துக்கொண்ட மாதிரி ஆகும். நாமக்கல்லுக்கு ஒன்றரை மணி நேரம்தான். சாயங்காலம் மூன்றரைக்கு, பாப்பாவைக் கூட்டிப்போகக் கெசியா பள்ளிக்கூட வாசலில் நிற்பாள். நீங்கள் உங்கள் பிள்ளைக்காக ஒருநாளும் நின்றிராத இடம். பக்கத்தில் போய் நில்லுங்கள் ஆன்ட்டி.